பக்கவாத்தியத்தின் இடம்: டி. எஸ். பாலையாவும் குணசித்திர நடிப்பை அளக்கும் வழிகளும்

நாயகனை அளக்கத் தமிழ்ச் சினிமாவில் வழிகள் பல உண்டு. படம் ஓடிய நாட்கள், ரசிகர் மன்றங்கள், சம்பளம், தேர்தல் வெற்றி என்று கணக்குப் போடலாம். அவருக்கு எதிரிலோ பக்கத்திலோ நின்று முப்பது நாற்பது ஆண்டுகள் நடித்தவரை எதைக் கொண்டு அளப்பது? ஆய்வாளர்களும் சினிமா எழுத்தாளர்களும் இதற்குப் பல விடைகள் தந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு பகுதியை விளக்குகிறது, இன்னொரு பகுதியை விட்டுவிடுகிறது. அந்த விடைகளை டி. எஸ். பாலையா என்ற ஒரே நடிகரின் தொழில்வாழ்வில் வைத்துச் சோதிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சோதனைக்குரிய பார்வை பேராக் மாநிலத்துக் கமுந்திங்கிலிருந்து அமைகிறது. தைப்பிங்கை ஒட்டிய இந்த ஊர் ஈயச் சுரங்கத்தால் உருவானது; பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் இதைச் சூழ்ந்தன. ஆங்கிலேயர் காலத்தில் பேராக், கூட்டு மலாய் மாநிலங்கள் நான்கில் ஒன்று. தமிழ்ப்பட வியாபாரத்தில் வெளிநாட்டு உரிமையைக் குறிக்க வழங்கும் 'எஃப்.எம்.எஸ்.' என்ற சொல் அந்தக் கூட்டு மாநிலங்களின் பெயர்ச்சுருக்கம்தான் என்பது பரவலான விளக்கம். தமிழ்ப்படத்தின் வெளிநாட்டுச் சந்தை தொடக்கத்திலிருந்தே இந்த மண்ணோடு பிணைந்தது. எனவே சென்னையில் எழுதப்பட்ட விடைகள் இங்கும் பொருந்துகின்றனவா என்று கேட்பது நியாயமே.

முப்பத்தாறு ஆண்டுகளின் சுருக்கம்

பாலையா 1914-ல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தார். நாடகக் கம்பெனிகளில் பயின்று, 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'யில் திரைக்கு வந்தார். அமெரிக்கரான டங்கனுக்கும் அதுவே முதல் படம். எஸ். எஸ். வாசன் 'ஆனந்த விகட'னில் எழுதிய தொடர்கதையைத் தழுவிய அந்தப் படத்தில் நாயகன் எம். கே. ராதா. அவரைக் குடிக்கு இழுத்துச் சென்று குடியைக் கெடுக்கும் ராமநாதனாகப் பாலையா நடித்தார். அதே படத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சிறு வேடத்தில் அறிமுகமானவர் எம். ஜி. ஆர். அவர் 'ராஜகுமாரி'யில் நாயகனாவதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் படத்தில் பாலையாவுக்கு வாய்த்தது அவரைவிடப் பெரிய வேடம்.

1937-ல் தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி'யிலும் பாலையாவே எதிரி. 1949-ல் அண்ணாவின் 'வேலைக்காரி'யில் நாயகனுக்கு அறிவுரை சொல்லும் நண்பன் மணி. 1954-ல் 'தூக்குத் தூக்கி'யில் சேட், 1956-ல் 'மதுரை வீர'னில் நரசப்பன், 1959-ல் 'பாகப்பிரிவினை'யில் மனைவி சொல்லைத் தட்ட முடியாத அண்ணன். 1964-ல் 'காதலிக்க நேரமில்லை'யின் எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், 1965-ல் 'திருவிளையாட'லின் ஹேமநாத பாகவதர், 1967-ல் 'பாமா விஜய'த்தின் தந்தை, 1968-ல் 'தில்லானா மோகனாம்பா'ளின் தவில்காரர் முத்துராக்கு. 1972 ஜூலையில் மறையும்வரை அவர் நடிப்பை விடவில்லை. கொடியவன், நண்பன், கோமாளி, தந்தை, வித்துவான் என்று நீளும் இந்த வரிசையை ஒரே விளக்கத்துக்குள் அடக்குவதுதான் சிக்கல்.

முதல் விடை: மேடையின் பிள்ளை

பழைய விடை இதுதான். தொடக்ககாலத் தமிழ் நடிகர்கள் பாய்ஸ் கம்பெனிகளின் வார்ப்புகள். ஆகவே அவர்களின் திறமைக்கு மூலம் மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வளர்ந்த கம்பெனிகள் சிறுவர்களுக்குப் பாட்டு, வசனம், உச்சரிப்பு, உடல்கட்டு எல்லாம் கற்றுத்தந்தன. எம். ஜி. ஆர்., பி. யு. சின்னப்பா, காளி என். ரத்தினம், எம். ஆர். ராதா எனப் பலர் இந்த வழியில் வந்தவர்கள். தியடோர் பாஸ்கரன் 1981-ல் வெளியிட்ட ஆய்வு, நாடகத்திலிருந்து திரைக்குக் கலைஞர்களும் கதைகளும் அரசியலும் இடம்பெயர்ந்த விதத்தை ஆதாரங்களோடு காட்டியது.

இதன் பலம் வெளிப்படை. பாலையாவின் குரலேற்ற இறக்கமும், ஒரே வாக்கியத்தில் மிரட்டலிலிருந்து கெஞ்சலுக்கு இறங்கும் லாவகமும் மேடைப் பயிற்சி இல்லாமல் வரக்கூடியவை அல்ல.

ஆனால் அதே பயிற்சி பெற்ற பலர், பேசும்படத்தின் மைக் நுட்பமாகி, கேமரா முகத்துக்கு அருகில் வந்ததும் பின்தங்கினர். 1938-ல் 'நந்தகுமா'ரில் பின்னணிப் பாடல் அறிமுகமாகி, அடுத்த பத்தாண்டுகளில் பரவியபோது, பாடத் தெரிந்தவரே நடிகர் என்ற கணக்கும் மாறியது. மேடை எல்லோருக்கும் பொதுவான முதல். ஒருவர் நிலைத்ததையும் இன்னொருவர் மறைந்ததையும் அந்த முதலை மட்டும் வைத்து விளக்க முடியாது. இந்த விடை பாலையாவின் முதல் பத்தாண்டுக்குப் பொருந்தும் அளவுக்குக் கடைசிப் பத்தாண்டுக்குப் பொருந்தவில்லை.

இரண்டாம் விடை: நாயகனின் நிழல்

1970-களிலிருந்து தமிழ்ச் சினிமா ஆய்வு அரசியலை மையமாகக் கொண்டது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் நட்சத்திரங்களுக்கும் தி.மு.க.வுக்கும் இருந்த உறவை எழுதினார். கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்தார். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992-ல் எம். ஜி. ஆரின் திரைப் பிம்பம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை நுணுக்கமாக அலசினார். ஒடுக்கப்பட்டவன் சார்பில் நாயகன் கை ஓங்க வேண்டுமானால், ஓங்குவதற்கு எதிரில் ஒரு பண்ணையாரோ பிரபுவோ வேண்டும். இந்தப் பார்வையில் துணைநடிகரின் வேலை நாயகனின் பெருமைக்குத் தேவையான தடையை அமைத்துத் தருவது.

'மதுரை வீரன்' போன்ற படங்களுக்கு இந்த விடை நன்றாகவே பொருந்துகிறது. ஆயினும் பாலையாவைப் பொறுத்தவரை 'வேலைக்காரி' இதற்கு இடறலாக நிற்கிறது. தி.மு.க. தோன்றுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1949 பிப்ரவரியில் வெளிவந்தது அந்தப் படம். கே. ஆர். ராமசாமி நடித்த நாயகன் ஆத்திரத்தில் பழிவாங்கத் துடிக்கிறான். ஆத்திரத்தை அடக்கி அறிவால் வெல்லச் சொல்வது மணி. திராவிட இயக்கத்தின் சிந்தனையை எடுத்துரைக்கும் பொறுப்பு, அதுவரை வில்லனாக அறியப்பட்ட ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே அவர் நாயகனின் மூளை.

எம். ஆர். ராதா இன்னும் கடினமான விதிவிலக்கு. மேடையில் ஏற்கெனவே புகழ்பெற்ற 'ரத்தக்கண்ணீர்' 1954-ல் படமானபோது, வெறுக்கத்தக்க மனிதன் ஒருவனே படத்தின் மையமானான். பார்வையாளர் அவனைக் கண்டித்தார்கள். அவன் பேச்சை ரசிக்கவும் செய்தார்கள். அரசியல் ஆய்வு நாயகனைத் தெளிவாக விளக்கிய அளவுக்கு இந்த இரட்டை ஈர்ப்பை விளக்கவில்லை என்றே தோன்றுகிறது.

மூன்றாம் விடை: அச்சும் வார்ப்பும்

பத்திரிகை விமர்சனங்களில் அதிகம் காணப்படும் விடை இது. வில்லன், நகைச்சுவையாளர், அப்பா, குடும்பப் பெரியவர் என்று படவுலகம் சில அச்சுகளை வைத்திருக்கிறது. ஒரு நடிகர் ஓர் அச்சில் பொருந்திவிட்டால் அதிலேயே தொடர்கிறார். செருகளத்தூர் சாமா என்றால் சாந்தமான பெரியவர், நம்பியார் என்றால் வில்லன் என்று பார்வையாளரும் பழகிவிடுகிறார்கள். உலகெங்கும் ஸ்டூடியோக்கள் இந்த முறையில்தான் இயங்கின.

பாலையா இதற்கு ஓரளவு மட்டுமே ஒத்துவருகிறார். அவர் ஓர் அச்சிலிருந்து இன்னொன்றுக்கு மாறினார் என்று சொன்னால் போதாது, ஏனென்றால் பழைய அச்சைக் கூடவே எடுத்துச் சென்றார். 'காதலிக்க நேரமில்லை'யின் விஸ்வநாதன் பணக்கார மாப்பிள்ளை கிடைத்ததும் குழைவதும், கிடைப்பதற்கு முன் சீறுவதும் பழைய வில்லனின் சைகைகளே. இப்போது அவை சிரிப்பைத் தருகின்றன. அந்த முகத்தை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பார்த்து அஞ்சியவர்களுக்கு அந்தச் சிரிப்பு கூடுதல் சுவை தந்திருக்கும்.

அச்சு மாறும் திசையும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. மலாய்ச் சினிமா இதற்கு நல்ல ஒப்பீடு. பினாங்கில் பிறந்த பி. ரம்லி, இந்திய இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸின் 'சிந்தா'வில் 1948-ல் வில்லனாகவே அறிமுகமானார். 1950-ல் எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி'யில் அவர் நாயகன். ஷா சகோதரர்களின் சிங்கப்பூர் ஸ்டூடியோ அப்போது இளம் தொழில். வில்லனாக வந்தவருக்கு நாயகன் இடம் இரண்டே ஆண்டில் கிடைத்தது. பாலையாவுக்குச் சில படங்களில் முதன்மை வேடம் வாய்த்தாலும், அவரை நிலைநிறுத்தியவை குணசித்திர வேடங்களே. எந்த அச்சு யாருக்குக் கிடைக்கும் என்பதைத் திறமையோடு தொழிலின் வயதும் அளவும் தீர்மானிக்கின்றன. வார்ப்பு விளக்கம் இந்தப் பொருளாதாரத்தைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

நான்காம் விடை: ஸ்டூடியோவும் அங்கீகாரமும்

தொழில் வரலாற்றை வைத்துப் பேசுபவர்கள் இன்னொரு காரணத்தைக் காட்டுகிறார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் நடிகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. தொடர்ந்து படம் எடுக்கும் நிறுவனத்துக்கு எந்த வேடத்தையும் ஏற்கும் கைதேர்ந்த நடிகர்கள் தேவைப்பட்டனர். குணசித்திர நடிகரின் பன்முகத் திறமை என்று நாம் போற்றுவது ஒரு பகுதி தொழிற்சாலை ஒழுங்கின் விளைவு என்பது இவர்கள் வாதம்.

அங்கீகாரத்தின் வரலாறும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. பாலையா அறிமுகமான அதே 1936-ன் படங்களிலிருந்துதான் அமெரிக்காவில் துணைநடிகருக்கான ஆஸ்கர் விருது தொடங்கியது; முதல் விருது வால்டர் பிரெனனுக்குப் போனது. இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகருக்கான விருது 1960-களின் பிற்பகுதியில் வந்தது. துணைநடிகருக்கான விருது 1984-ம் ஆண்டுப் படங்களிலிருந்தே வழங்கப்பட்டது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே பாலையா மறைந்துவிட்டார். எம். ஆர். ராதா மறைந்தது 1979-ல். அந்தத் தலைமுறை முழுவதும் இப்படி ஒரு தேசிய அளவுகோல் உருவாவதற்கு முன்பே வேலையை முடித்துக்கொண்டது. அவர்களைப் பற்றிய முறையான மதிப்பீடுகள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இந்த விடையின் குறை, மாதச் சம்பள முறை தளர்ந்த பிறகும் பாலையா வளர்ந்தார் என்பது. அவருடைய மிகச் சிறந்த வேடங்களாகப் பலர் சொல்லுபவை 1964-க்கும் 1968-க்கும் இடையில் வந்தவை. அப்போது அவரைத் தேடி வந்தவர்கள் ஸ்ரீதர், ஏ. பி. நாகராஜன், கே. பாலசந்தர் போன்ற இயக்குநர்கள்.

ஐந்தாம் விடை: பார்த்தவர்களின் கணக்கு

அண்மைக்கால ஆய்வுகள் படத்தை எடுத்தவர்களை விட்டுப் பார்த்தவர்கள் பக்கம் திரும்பியிருக்கின்றன. இங்கேதான் பேராக் முக்கியமாகிறது. ஷா, கேத்தே நிறுவனங்களின் நகரத் திரையரங்குகள் ஒரு பக்கம். தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டிய நடமாடும் சினிமா மறுபக்கம். லயங்களில் வாழ்ந்தவர்களுக்குப் படம் பார்ப்பது ஊர் கூடும் நிகழ்ச்சி.

இந்தப் பார்வையாளர்களுக்குச் சில வேடங்கள் வேறு பொருள் தந்திருக்க வாய்ப்புண்டு. 'சதிலீலாவதி'யில் பாலையாவின் சூழ்ச்சியால் ஊரைவிட்டு ஓடும் நாயகன் போய்ச் சேருவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு. அங்கே அவன் கூலி. தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு அது கதையின் ஒரு திருப்பம். கங்காணியும் கிராணியும் நடத்திய தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு அது தன் குடும்ப வரலாற்றின் சாயல்.

'காதலிக்க நேரமில்லை'யின் எஸ்டேட் முதலாளியும் அப்படித்தான். அந்தப் படத்தின் புதுமுக நாயகன் ரவிச்சந்திரன் மலாயாவில் வளர்ந்து தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போனவர். படம் வந்த காலத்தில் இங்கே ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்தது. தோட்டத்தை யார் வைத்திருப்பது என்பது வாழ்வா சாவா என்ற கேள்வியாக இருந்த இடத்தில், எளிதாக ஏமாறும் எஸ்டேட் முதலாளியைப் பார்த்துச் சிரிப்பதில் கூடுதல் நிறைவு இருந்திருக்கலாம்.

இந்த விடையைக் கவனமாகவே கையாள வேண்டும். மலாயாத் தமிழர் அரசியல் கலப்பில்லாமல் படம் பார்த்தார்கள் என்று நினைப்பது தவறு. பெரியார் 1929-30லும் பின்னர் 1954-லும் மலாயா வந்தார். சீர்திருத்த இயக்கம் தோட்டங்கள்வரை எட்டியது. எனவே நிழல் விளக்கம் இங்கே செல்லாது என்று தள்ளிவிட இயலாது. மேலும், 'பார்த்திருப்பார்கள்', 'நினைத்திருப்பார்கள்' என்ற ஊகங்களை மட்டும் அடுக்கினால் அது ஆய்வாகாது. பார்த்தவர்களின் சொந்த வாக்குமூலம் இல்லாதவரை இந்த விடை கருதுகோளாகவே இருக்கும்.

விடுபட்ட ஓர் அளவுகோல்: கேட்கும் நடிப்பு

ஐந்து விடைகளும் பெரும்பாலும் நடிகர் பேசியதையும் செய்ததையும் கொண்டே அவரை அளக்கின்றன. பாலையாவின் கடைசிக் காலப் படங்களை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. அவருடைய மிகப் புகழ்பெற்ற காட்சிகளில் அவர் பேசவில்லை. கேட்கிறார்.

'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் தன் படக்கதையைச் சொல்லும் காட்சியில் வசனம் ஏறக்குறைய முழுவதும் நாகேஷுடையது. பாலையாவிடம் இருப்பது கண்ணும், உடல் சுருங்குவதும், இடையிடையே வெளிவரும் சில ஒலிகளும்தான். நாகேஷின் கற்பனைப் பேய் உருப்பெறுவது அவர் முகத்தில். கேட்பவர் நம்பாவிட்டால் சொல்பவரின் திறமை எடுபடாது.

'திருவிளையாட'லில் இது இன்னும் துலக்கம். விறகு விற்ற படலத்தைத் தழுவிய அந்தப் பகுதியில் ஹேமநாதர் சபையில் பாடும்போது ஒலிப்பது பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். பாலையா உடலால் அந்தச் சங்கீதத்தின் செருக்கைத் தாங்குகிறார். அடுத்து இறைவன் விறகுவெட்டியாக வந்து பாடும்போது ஹேமநாதருக்குப் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. வித்துவான் ஒருவன் தன்னைவிடப் பெரிய சங்கீதத்தைக் கேட்டு உள்ளுக்குள் உடைவதை முகத்தால் மட்டுமே காட்ட வேண்டும். இறைவனின் பாட்டு எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அந்தக் காட்சியில் சாட்சி பாலையாவின் முகம்தான்.

'தில்லானா மோகனாம்பா'ளின் முத்துராக்கு தவில்காரர். நாதஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டு வாசிப்பதே அவர் தொழில். பக்கவாத்தியக்காரருக்கு உரிய ஒழுக்கம் அந்த வேடத்தில் பாத்திரமாகவே வந்து அமர்கிறது: முந்தக் கூடாது, பின்தங்கக் கூடாது, தன் முறை வரும்போது தயங்கக் கூடாது. நாயகன் சண்முகசுந்தரத்தின் கோபத்தையும் காதலையும் முத்துராக்கு ஏறிட்டுப் பார்க்கும் பார்வைகள் பார்வையாளருக்கு அவற்றை எந்த அளவு பொருட்படுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கின்றன.

இந்த அளவுகோலை ஏற்றால், குணசித்திர நடிகரை மதிப்பிடும் அலகு தனி வேடமாக இராது. இருவர் கூடி நிற்கும் காட்சியே அலகாகும். எதிரில் நிற்பவர் அந்தக் காட்சியில் எவ்வளவு உயர்ந்தார் என்பதும் இவருடைய கணக்கில் சேரும். 'வேலைக்காரி'யின் மணியையும் அப்படி மறுவாசிப்புச் செய்யலாம்: அவர் சொல்லும் அறிவுரைக்கு எடை வருவது, அதற்கு முன் நண்பனின் குமுறலைக் கேட்டு நின்றவர் என்பதால்.

இதற்கும் எல்லை உண்டு. இங்கே சொன்ன சான்றுகளில் பெரும்பாலானவை நான்கைந்து ஆண்டுகளுக்குள் வந்த படங்கள். அந்த இயக்குநர்கள் பதில் முகங்களைப் படமாக்குவதில் ஆர்வம் காட்டியவர்கள். 1930-களின் கேமரா அவ்வளவு நெருங்கி வரவில்லை. ஆகவே கேட்கும் நடிப்பு பாலையாவிடம் முதலிலிருந்தே இருந்ததா, இயக்குநர்கள் வெளிக்கொணர்ந்ததா, வயதோடு கனிந்ததா என்பதை இப்போதைக்கு முடிவாகச் சொல்ல முடியாது.

மதிப்பீடு

மேடை விளக்கம் அவருடைய கருவிகளைச் சொல்கிறது. நிழல் விளக்கம் அவரைப் படங்கள் எதற்குப் பயன்படுத்தின என்று சொல்கிறது. வார்ப்பு விளக்கமும் தொழில் விளக்கமும் அவருக்கு வேலை எப்படிக் கிடைத்தது என்கின்றன. பார்வையாளர் விளக்கம் அவர் யாருக்கு என்னவாக இருந்தார் என்று கேட்கிறது. இவற்றுள் ஒன்று மற்றவற்றை வீழ்த்திவிடவில்லை. கேட்கும் நடிப்பு என்ற அளவுகோலும் அவற்றை நீக்கிவிட்டு நிற்பதல்ல. ஆனால் அதைச் சேர்க்காத எந்தக் கணக்கும் பாலையாவின் கடைசி எட்டு ஆண்டுகளுக்கு நியாயம் செய்யாது என்பதே இக்கட்டுரையின் முடிவு.

திறந்திருக்கும் கேள்விகள் இரண்டு. 'சதிலீலாவதி' முதல் 'வேலைக்காரி' வரையான பதின்மூன்று ஆண்டுகளில் அவர் நடிப்பு மாறிய பாதை முதலாவது. கடல் கடந்த பார்வையாளர்கள் அவரை எப்படி ஏற்றார்கள் என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு விடை தேட வழி இங்கேயே இருக்கிறது. 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரில் வெளிவந்த 'தமிழ் நேசன்', 1935 முதல் சிங்கப்பூரிலிருந்து வரும் 'தமிழ் முரசு' ஆகியவற்றின் பட விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் ஒரு மூலம். திடலில் பாய் விரித்துப் படம் பார்த்த தலைமுறை இன்னொரு மூலம். தோட்டங்கள் கைமாறி, பிள்ளைகள் தொழிற்பேட்டைகளுக்கும் தாமான்களுக்கும் போய்விட்ட பிறகும், கமுந்திங், தைப்பிங், சுங்கை சிப்புட் வட்டாரங்களில் அவர்களில் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் நாயகர்களைப் பற்றிக் கேட்டவர்கள் பலர். பாலையாவைப் பற்றியும் எம். ஆர். ராதாவைப் பற்றியும் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்யும் வேலையை இங்குள்ள கல்லூரி மாணவர்களும் வாசகர் வட்டங்களும் இப்போதே தொடங்க வேண்டும்.